நிம்மதியைக் கெடுக்கும் நான்கு நாவல்கள்

கோலாலம்பூரில் தமிழ் நாவல் வாசிக்கும் நண்பர்கள் கூடும்போதெல்லாம், மனத்தை உலுக்கிப்போடும்படியாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று யாராவது கேட்பது வழக்கமாகிவிட்டது. ரத்தமும் கொலையும் மலிந்த கதைகளைத்தான் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். அவற்றை மூடிவைத்த கையோடு நன்றாகத் தூங்கிவிடலாம் என்பது என் அனுபவம். தீங்கு செய்பவனின் வீட்டுக்குள் நம்மை உட்காரவைத்து, அவன் கவலையை நம் கவலையாக்கிவிடும் நாவல்கள்தாம் வாரக்கணக்கில் உள்ளே கிடந்து அறுக்கின்றன. அவற்றில் நான்கை இங்கே பரிந்துரைக்கிறேன்.

முதலிடம் ஜெயமோகனின் 'ஏழாம் உலக'த்துக்கு (2003). உடல் ஊனமுற்றவர்களை விலைக்கு வாங்கியும் விற்றும், கோயில் வாசல்களில் பிச்சைக்கு உட்காரவைத்தும் பிழைக்கும் போத்திவேலு பண்டாரம்தான் அதன் மையப் பாத்திரம். அவருக்கு அவர்கள் 'உருப்படி'கள். ஊனமுற்ற பிள்ளைகளைப் பெற்றுத் தருகிற முத்தம்மை அந்தத் தொழிலின் முதலீடு. கொடூரன் என்று முத்திரை குத்திவிட்டு வசதியாகத் தள்ளி நின்று வாசிக்க நமக்கு வழியில்லை, ஏனென்றால் அவர் பக்திமான், பெண்களைப் பெற்ற பாசமுள்ள தகப்பன். மகளின் கல்யாணச் செலவுக்கு அவர் அல்லாடுவதை வாசிக்கையில், எப்படியாவது பணம் புரண்டுவிட வேண்டுமே என்று நாமே பதைக்கிறோம். அது யார் உடம்பிலிருந்து வரப்போகும் பணம் என்பது சற்றுக் கழித்து உறைக்கும்போது உடல் கூசுகிறது. இத்தனைக்கும் நடுவே உருப்படிகள் தங்களுக்குள் கிண்டலடித்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். முதலாளி வீட்டுக் கல்யாணச் சாப்பாடு தனக்குக் கிடைக்கவில்லையே என்று அவர்களில் ஒருவனான குய்யன் படுகிற துக்கத்தைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் பிறகு அதிகம் உறுத்தியது. கதை பழனிக்குப் போகும் பகுதிகளை வாசித்த பிறகு, பத்துமலைப் படியடியில் தட்டில் சில்லறை போடுவது எனக்கு முன்போல் எளிதாக இல்லை. நாஞ்சில் நாட்டுப் பேச்சுவழக்கு நம்மூர் வாசகர்களுக்குத் தொடக்கத்தில் தடையாக இருக்கும். முதல் இரண்டு அத்தியாயங்களை வாய்விட்டு வாசித்தால் காது பழகிவிடும்.

ஹான் காங் எழுதிய 'மரக்கறி' சமயவேலின் தமிழாக்கத்தில் கிடைக்கிறது. கொரிய மூலம் 2007இல் வெளிவந்தது. ஆசிரியர் 2024இல் நோபல் பரிசு பெற்ற பிறகு இங்கும் பலர் தேடி வாங்கினார்கள். கனவு கண்டு இறைச்சியைக் கைவிடும் ஒரு பெண்ணின் கதையைக் கணவன், அக்காளின் கணவன், அக்காள் ஆகிய மூவரின் பக்கமிருந்து மூன்று பகுதிகளாகச் சொல்கிறார். அவள் குரல் கனவுத் துண்டுகளாக மட்டுமே இடையில் கேட்கிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்த இறைச்சியையெல்லாம் அவள் பைகளில் அள்ளிப்போடும் காலையில், வேலைக்கு நேரமாகிறதே, சட்டை தேய்க்கவில்லையே என்பதுதான் கணவனின் தவிப்பு. குடும்பமே கூடியிருக்கத் தந்தை அவள் வாயில் இறைச்சியைத் திணிக்கும் காட்சியைப் பலரும் கொரியக் கொடுமையாகப் பேசுகிறார்கள். நம் வீட்டு விருந்துகளில் 'ஒரு வாய்தானே, சாப்பிடு' என்று வற்புறுத்தும் அன்புக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்தால் அப்படிப் பேசத் தோன்றாது. இரண்டாம் பகுதியின் பாலுறவுச் சித்திரிப்பு எல்லோருக்கும் ஏற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இமையத்தின் 'செல்லாத பணம்' (2018) 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருதைப் பெற்றது. பொறியியல் படித்த ரேவதி வீட்டாரை எதிர்த்து ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். பின்னர் உடல் முழுக்கத் தீக்காயங்களோடு ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். தீ எப்படிப் பற்றியது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். தீப்புண் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்களின் பேச்சாகவே நாவலின் பெரும்பகுதி நகர்கிறது. அழுகைக்கு நடுவிலும் சாதியும் மானமும் எட்டிப்பார்க்கும் அந்தப் பேச்சில் என் உறவினர்களின் வாய்ச்சொற்களை வரிக்கு வரி கேட்டேன். அப்படியொரு சாவை வீட்டில் கண்டவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நான்காவது நம் ஊர்க்கதை. ம. நவீனின் 'சிகண்டி' (2021) கோலாலம்பூரின் சௌக்கிட் பகுதியின் நிழலுலகத்தையும் அங்கு வாழும் திருநங்கைகளையும் தீபன் என்ற இளைஞன் வழியாக எழுதுகிறது. அவனுடைய ஆசையும் அருவருப்பும் வாசகருக்கும் தொற்றிக்கொள்கின்றன. ரயிலில் கடந்துபோகும் தெருக்களைப் பற்றி நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்பது அப்போது வெட்கமாக இருக்கிறது. அடிதடிப் பகுதிகள் எனக்குச் சற்று நீளமாகப்பட்டன. இதே ஆசிரியரின் 'பேய்ச்சி'யை 2020இல் மலேசிய உள்துறை அமைச்சு தடைசெய்துவிட்டதால் அதை இங்கே பரிந்துரைக்க வழியில்லை.

நான்கையும் ஒருசேர வாங்கி அடுத்தடுத்து வாசிக்க வேண்டாம். அளவில் சிறியதான 'மரக்கறி'யில் தொடங்கி, 'செல்லாத பணம்', 'சிகண்டி' என்று இடைவெளி விட்டு வாருங்கள். 'ஏழாம் உலக'த்தை, முடித்த மறுநாள் வேலைக்குப் போக வேண்டியிராத ஒரு நீண்ட விடுமுறைக்கு ஒதுக்கி வையுங்கள்.