1911 ‘பன்றி ரூபாய்’: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஐந்தாம் ஜார்ஜின் முதல் வருட வெள்ளி ரூபாய் இது. அரசரின் அங்கியில் உள்ள யானை பன்றிபோல் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. 1912-ல் யானையைத் திருத்தினார்கள். இந்தக் காசின் அழகும் விலையும் அந்தச் சின்ன யானையில்தான். அது மழுங்கிப் போயிருந்தால் அதிக விலை கொடுக்காதீர்கள்.

புருவம், காது, மீசை, கிரீடத்தின் மணிகள்: தேய்மானம் முதலில் தெரிவது இங்கேதான். ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்துச் சுழற்றுங்கள். ஒளிக்கீற்று அறுபடாமல் சுற்றி வந்தால் அச்சடித்த பளபளப்பு இன்னும் இருக்கிறது. பளிச்சென்ற வெண்மையோடு மெல்லிய கீறல்களும் தெரிந்தால் விபூதி போட்டுத் துலக்கியிருப்பார்கள். அந்தப் பளபளப்பு திரும்பாது. சீராகப் படிந்த சாம்பல், பழுப்பு நிறமே மேல்.

விளிம்பைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். மாலையில் கோத்த காசில் வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கும். எவ்வளவு இழைத்தாலும் அங்கே விளிம்பின் வரிப்பள்ளம் (குறுக்குக் கோடுகள்) சிதைந்திருக்கும். வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும்.

எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் படாமல் முழுக்குங்கள், சுமார் 1.13 கிராம் காட்ட வேண்டும். 1.3 காட்டினால் அது வெள்ளியைவிட அடர்த்தி குறைந்த உலோகம், வாங்காதீர்கள்.