மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும் என் செலவுக் கணக்கும்: 2021 முதல் இன்றுவரை

தனியார் நிறுவன வேலையிலிருந்து 2021-இல் அறுபது வயதில் ஓய்வு பெற்றேன். வந்த தொகையில் 15 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். அன்று அதுதான் உச்சவரம்பு. செலவுகளை எக்செல் தாளில் எழுதிவருகிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எதன் அருமையும் குறையும் தெரிகிறது.

முதலில் திட்டம். அன்றைய வட்டி 7.4 சதவீதம். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதப் பிறப்பில் 27,750 ரூபாய் தவறாமல் வந்தது. எடுக்காமல் விட்டால் அந்த வட்டிக்குத் திட்டத்தில் வட்டி கிடையாது. கணக்கு தொடங்கிய நாளின் விகிதமே ஐந்தாண்டுக்கும் நிலைக்கும். 2023 ஏப்ரலில் புதியவர்களுக்கு 8.2 சதவீதம் ஆனபோதும் எனக்குப் பழையதுதான். இரண்டாண்டு முடிந்தபின் மூடினால் அசலில் 1 சதவீதம், அதாவது 15,000 ரூபாய் பிடிப்பார்கள். புதிய விகிதத்தில் ஆண்டுக்கு 12,000 கூடுதல். பதினைந்து மாதத்தில் ஈடாகிவிடும் என்பதால் மூடிவிட்டு, கையிலிருந்து 15,000 சேர்த்துப் புதுக்கணக்கு தொடங்கினேன். இப்போது காலாண்டுக்கு 30,750. ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டுவதால், அதில் வரி பிடிக்காமலிருக்க ஏப்ரலிலேயே சுய அறிவிப்புப் படிவம் கொடுத்துவிடுகிறேன்; வரி கட்டவேண்டிய வருமானம் இல்லாதவர்கள் இதை மறக்கக்கூடாது.

இனி செலவுத் தாள். மாதச் சராசரி என்பது ஓய்வு பெற்றவருக்குப் பெரிதும் பயன்படாத எண். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை, மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒருமுறை. மொய்யோ வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்தம் பார்த்துத்தான் வரும். மொய்யைக் குறைக்க வழியே இல்லை, வாங்கியதைத் திருப்பித்தானே ஆகவேண்டும்! இப்படிப்பட்ட செலவுகளின் ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் தனிக் கணக்கில் ஒதுக்குகிறேன். இந்தத் தாளால் கிடைத்த பெரிய நிம்மதி இதுதான்.

மளிகை விலை ஏறும், இறங்கும். மருந்தும் காப்பீடும் ஏறத்தான் செய்கின்றன. அறுபதைக் கடந்ததும் காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தை உயர்த்திய விதம் எனக்கு இன்னும் எரிச்சல்தான். தன்னிடம் முன்கூட்டியே ஆலோசிக்காமல் மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் நீங்கியது. நல்லதுதான். ஆனால் ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறினாலும் ஏழு, எட்டு ஆண்டில் பிரீமியம் இரட்டிப்பாகிவிடும். என் 30,750 ரூபாயோ அப்படியே நிற்கும். ஆகவே இந்தத் திட்டத்தை அரிசி பருப்புக்கு நம்பலாம், மருத்துவத்துக்கு நம்பமுடியாது. அதற்கென்று ஒரு பகுதியைப் பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்டில் வைத்திருக்கிறேன்.

நாற்பத்தைந்து வயதில் இருக்கும் மருமகன் எவ்வளவு சேர்க்கவேண்டும் என்று கேட்டார். இன்றைய குடும்பச் செலவில் வீட்டுக் கடன் தவணையையும் பள்ளிக் கட்டணத்தையும் கழித்துவிட்டு, மருத்துவத்தை மட்டும் தனி வரியாக எழுதச் சொன்னேன். விலைவாசி 6 சதவீதம் ஏறினால் மீதிச் செலவு பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பாகும். மருத்துவத்துக்கு 10 சதவீதம் போட்டுப் பார்த்தவர் சிறிது நேரம் பேசவில்லை.

என் கணக்கு 2028-இல் முதிர்கிறது. மூன்றாண்டுக்கு நீட்டிக்கலாம், ஆனால் முதிர்வு நாளின் விகிதமே கிடைக்கும். 7 சதவீதமாக இறங்கினால் காலாண்டுக்கு 4,500 ரூபாய் குறையும். அந்தக் குறைவையும் இப்போதே தாளில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன்.