ராகமையா, சென்னையா, லண்டனா: பேச்சு சிகிச்சை படிக்க நினைக்கும் மலையகப் பிள்ளைக்கு

போன சித்திரை விடுமுறையில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு பிள்ளைகள் ஒரே கேள்வியோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி என் அக்கா மகள். பேராதனையில் உளவியல் பட்டம் முடித்தவள். மற்றவன் என் பெரியப்பா பேரன். உயர்தரத்தில் உயிரியல் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தான். இருவருக்கும் பேச்சு மொழி சிகிச்சை படிக்க ஆசை. "எங்க மாமா படிச்சா நல்லா இருக்கும்?" என்று அக்கா மகள் கேட்டாள்.

அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விசேட கல்விப் பிரிவில் பதினாறு வருடமாகப் படிப்பிக்கிறேன். திக்கிப் பேசுகிற பிள்ளை, அண்ணப்பிளவோடு பிறந்து சத்திரசிகிச்சை முடிந்தும் மூக்கால் பேசுகிற பிள்ளை, ஐந்து வயதாகியும் 'அம்மா' வராத பிள்ளை என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அவர்களைக் கண்டி வரைக்கும் பஸ்ஸில் கூட்டிப்போக ஒரு நாள் வேலையை விட வேண்டும், அன்றைய சம்பளம் போகும் என்று தாய்மார் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்குச் சாதாரணக் கேள்வி இல்லை.

முதலில் சொன்னது இதைத்தான்: உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. கையில் என்ன பட்டம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே எந்தக் கதவு திறக்கும் என்பது முடிவாகிறது.

இந்தியாவில் இந்தத் துறையின் முதுமாணிக்குப் போக, அதே துறையில் இளமாணி இருக்க வேண்டும். அங்கே அதை பி.ஏ.எஸ்.எல்.பி என்பார்கள். கேட்டலும் பேச்சும் சேர்ந்த பட்டம், பயிற்சி வருடத்தோடு நான்கு வருடம். உளவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு சென்னையில் எம்.எஸ்சி வகுப்பில் நேராகப் போய் உட்கார முடியாது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் நிலைமை வேறு. உளவியல், மொழியியல், உயிரியல் போன்ற பட்டம் உள்ளவர் இரண்டு வருட முதுமாணியில் சேர்ந்து, அதன் வழியாகவே சிகிச்சையாளராகப் பதிவு பெறலாம்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கள் வீட்டில் பணம் போனது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு நிலையம், உளவியல் பட்டத்துக்கு இந்தியாவில் நேரடியாக முதுமாணி எடுத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் வாங்கியது. இரண்டு மாதம் கழித்து வந்த கடிதத்தில் இருந்தது வேறு ஏதோ ஆலோசனைப் பாடநெறி. அக்கா நகையை அடகு வைத்துக் கட்டிய காசு அது. முழுதும் திரும்பவில்லை. யாராவது உங்களிடமும் அப்படிச் சொன்னால், நுழைவுத் தகுதி என்ன என்பதைப் பல்கலைக்கழகத்தின் சொந்த அறிவிப்பில் நீங்களே வாசித்த பிறகு பணத்தை எடுங்கள்.

சரி, உயர்தரம் எழுதியவனுக்கு வருவோம். அவனுக்கு முன்னால் இருப்பது ராகமையும் தென்னிந்தியாவும்.

ராகமையில் இருக்கும் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம்தான் இலங்கையில் இந்தத் தொழில் வேர்விட்ட இடம். 1997இல் பட்டயப் படிப்பாகத் தொடங்கி, 2008இல் நான்கு வருட இளமாணியாக வளர்ந்தது. பேச்சு சிகிச்சை, கேட்டலியல் இரண்டும் அதே துறைக்குள் இருக்கின்றன. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான அயத்தி நிலையமும் அங்கேயே இருப்பதால் படிக்கிற காலத்திலேயே பிள்ளைகளோடு பழகலாம். படிப்புக்குக் கட்டணம் இல்லை. அட்டனில் ஏறுகிற ரயில் ராகமை வழியாகத்தான் கொழும்புக்குப் போகிறது என்பதும் எங்கள் ஊர் அம்மாக்களுக்குப் பெரிய ஆறுதல். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி கிடைத்தால் யோசிக்காமல் போ என்றுதான் அவனுக்குச் சொன்னேன். எந்தப் பாடச்சேர்க்கை செல்லும் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த வருடக் கைநூலில் இருக்கும். போன வருடத்துக் கைநூலை நம்பக் கூடாது.

ராகமையில் ஒரு சிரமமும் இருக்கிறது, ஒரு வரமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றேதான். விரிவுரை ஆங்கிலத்தில், கிளினிக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் சிங்களத்தில். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு முதல் வருடம் மூச்சு முட்டும். ஆனால் நுவரெலியாவிலோ பதுளையிலோ அரச வைத்தியசாலையில் வேலை செய்யப்போகிறவருக்குச் சிங்களம் இல்லாமல் ஆகாது. தாதியோடும் டொக்டரோடும் பேசவே அது வேண்டும். அதை நான்கு வருடத்தில் சும்மா கற்றுத் தருகிற இடம் வேறு எது?

சென்னையின் பலம் தமிழ். போரூரில் இருக்கும் ஸ்ரீ ராமச்சந்திரா, மெர்ஃப் பேச்சு கேட்டல் நிலையம் போன்ற இடங்களில் பி.ஏ.எஸ்.எல்.பியும் அதற்கு மேற்படிப்பும் இருக்கின்றன. நாள் முழுதும் தமிழ் பேசுகிற நோயாளிகள் வருவார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு சொல் தடுமாறுகிற தாத்தாவோடு தமிழில் பேசிப் பழகுவதும், தமிழ் வாக்கிய அமைப்பில் எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பதும் புத்தகத்தில் வராது. மைசூர் வேறு மாதிரி. 1965இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு கேட்டல் நிறுவனம் அங்கே இருக்கிறது. இந்தியாவில் இந்தத் துறைக்கு அதுதான் தாய்வீடு. ஆராய்ச்சிக்கும் நூலகத்துக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அங்கே கிளினிக் வாசலில் கேட்பது அதிகமும் கன்னடம். ஆகவே இரண்டில் ஒன்று என்றால், மலையகப் பிள்ளைக்கு என் வாக்கு சென்னைக்கு.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. அந்தப் பாடநெறிக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா? இல்லையென்றால் அங்கேயே அது செல்லாது. அப்புறம், திரும்பி வந்தால் இங்கே என்ன ஆகும்? பட்டத்தை ஏற்பது பற்றி மானியங்கள் ஆணைக்குழுவிடமும், பதிவு பற்றி இலங்கை மருத்துவ சபையிடமும், போவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச் சொல் போதாது. இந்திய அரசின் புலமைப்பரிசிலை நம்பித் திட்டம் போடுகிறவர்கள், மருத்துவம் சார்ந்த படிப்புகள் அதில் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று அறிவிப்பின் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்க வேண்டும். பலர் அந்த இடத்தில்தான் ஏமாந்து நிற்கிறார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர் கல்விக்கான நிதியத்தைப் பற்றிக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம்.

இனி அக்கா மகளின் பக்கம். பட்டதாரி, வேறு துறை.

பிரித்தானியாவைத்தான் அவள் முதலில் நினைத்தாள். நியாயம் இருக்கிறது. லண்டன் யூ.சி.எல், ஷெஃபீல்ட், ரெடிங் போன்ற இடங்களில் இரண்டு வருட முதுமாணி இருக்கிறது. முடித்தால் ஹெச்.சி.பி.சி என்ற பதிவுச் சபையில் சேரலாம். ஆனால் பெயரில் ஏமாறக் கூடாது. 'மொழி அறிவியல்' என்று ஒலிக்கிற ஒரு வருட முதுமாணிகளும் உண்டு. நல்ல படிப்புகள்தான், ஆனால் அவற்றை முடித்தால் சிகிச்சையாளர் ஆக முடியாது. ஹெச்.சி.பி.சியின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பாடநெறியின் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆங்கிலம் அடுத்த மலை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து பதிவு கேட்கிற மற்றச் சுகாதாரத் துறையினரிடம் ஹெச்.சி.பி.சி, ஐ.இ.எல்.டி.எஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையில் 7 கேட்கும். பேச்சு சிகிச்சையாளரிடம் மட்டும் 8 கேட்கும், எந்தப் பகுதியும் 7.5க்குக் குறையக் கூடாது. சேர்க்கையிலும் பல்கலைக்கழகங்கள் அதற்கு ஏற்ற உயரத்தில்தான் கோடு போடுகின்றன. தமிழ் மொழிமூலத்தில் படித்து வந்த பிள்ளைக்கு இது ஒரு வருட உழைப்பு. முடியாதது இல்லை. மூன்று மாதத்தில் முடியும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

பணம்? இங்கே பலரும் பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலைச் சொல்வார்கள். அது ஒரு வருட முதுமாணிக்குத்தான். இரண்டு வருடப் படிப்புக்குப் பொருந்தாது. ஆகவே கட்டணமும் லண்டன் வாடகையும் கைக்காசு அல்லது கடன். வீட்டை ஈடு வைத்துப் போக வேண்டாம் என்று அக்காவிடம் நேராகவே சொன்னேன். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. இன்னும் அதே எண்ணத்தில்தான் இருக்கிறேன்.

அமெரிக்காவின் நல்ல விஷயம், எல்லாம் எழுதி வைத்த கணக்கு. 400 மணிநேரக் கிளினிக் பயிற்சி, அதில் 25 மணிநேரம் பார்த்துப் பழகுவது, மீதி 375 நேரடியாக. பிறகு பிராக்ஸிஸ் என்ற தொழில் தகுதிப் பரீட்சையில் 162 புள்ளி. அதன் பின் குறைந்தது 36 வாரம், 1260 மணிநேரம் மேற்பார்வையின் கீழ் வேலை. அதற்குப் பிறகுதான் 1925இல் தொடங்கிய ஆஷா என்ற அமெரிக்கச் சங்கத்தின் முழுச் சான்றிதழ். விண்ணப்பம் பெரும்பாலும் ஒரே இணையத் தளத்தின் வழியாகப் பல இடங்களுக்குப் போகும். உளவியல் பட்டதாரிக்குக் குறைகிற அடிப்படைப் பாடங்களை முதலில் முடிக்கச் சொல்வார்கள். அது இன்னும் ஒரு வருடத்துச் செலவு. உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் பிரித்தானியாவை விடக் கடினம்.

அவுஸ்திரேலியாவிலும் சிட்னி, லா ட்ரோப் போன்ற இடங்களில் இரண்டு வருடம்தான். அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய ஆறு நாட்டுச் சங்கங்களுக்குள் ஒருவர் தகுதியை மற்றவர் ஏற்கும் உடன்படிக்கை இருக்கிறது. அதில் இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை. வெளியே வாழ நினைக்கிறவருக்கு இது பெரிய விஷயம். திரும்பி வர நினைக்கிறவருக்கு அவ்வளவு இல்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொள்கிறேன்: உங்கள் பயிற்சி மணிநேரம் எந்த மொழியில் கழியும்?

ஏன் என்று சொல்கிறேன். என் வகுப்புப் பிள்ளை வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்பான். அவன் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பேச்சுக் குறைபாடு இல்லை, எங்கள் பேச்சு. தெரியாதவர் அதைப் பிழை என்று குறித்துவிடுவார். அதே பிள்ளை 'கூடை'யை 'தூடை' என்று ஆறு வயதிலும் சொன்னால் அதைத்தான் கவனிக்க வேண்டும். இன்னொன்று. படம் காட்டிச் சொல் கேட்கும் அட்டை சென்னையில் செய்ததாக இருந்தால், ரொட்டித் துண்டைப் பார்த்து எங்கள் பிள்ளை 'பாண்' என்பான், சர்க்கரையைப் பார்த்துச் 'சீனி' என்பான். விடைத்தாளில் அந்தச் சொற்கள் இருக்காது. ஆகவே சென்னையில் படித்தவரும் இங்கே வந்து புள்ளக்காம்பராவில், தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில், கொஞ்ச நாள் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும். ராகமையில் படித்தவர் தமிழ் மணிநேரத்தைத் தானே தேடிப்போக வேண்டும். லண்டனில் படித்தவருக்கு இரண்டும் வேண்டும்.

விண்ணப்பத்தில் எழுதும் தன்விவரக் கடிதத்துக்கும் இதுவே பலம். "சமூகத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று எல்லாரும் எழுதுவார்கள். நீங்கள் பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றி, பெயர் சொல்லாமல், என்ன கேட்டீர்கள், என்ன புரியவில்லை என்று எழுதுங்கள். அதற்கு முதலில் பார்த்திருக்க வேண்டும். ஒரு வைத்தியசாலைக் கிளினிக்கில் அனுமதி கேட்டுச் சில நாள் ஓரமாக உட்காருங்கள். விழுங்கச் சிரமப்படுகிற நோயாளிக்குச் சிகிச்சை கொடுப்பதும் இந்தத் தொழில்தான் என்று அங்கேதான் பலருக்குத் தெரியவரும். சிலர் அதைப் பார்த்துவிட்டு மனம் மாறுவார்கள், அதுவும் நல்லதே. சிபாரிசுக் கடிதமும் பெரிய பதவிக்காரரிடம் வேண்டாம். உங்களைப் பிள்ளைகளோடு பார்த்தவரிடம் வாங்குங்கள்.

பெரியப்பா பேரன் கைநூலைக் கோடு போட்டு வாசித்துக்கொண்டிருக்கிறான். ராகமை கிடைக்காவிட்டால் சென்னை, அதுவும் பதிவு பற்றிய கடிதம் கைக்கு வந்த பிறகு.

அக்கா மகள் ஒரு வருடம் தள்ளிப்போட்டாள். கொட்டகலையில் ஒரு முன்பள்ளியில் வேலை, மாலையில் ஆங்கிலம், செவ்வாய்க்கிழமை கண்டியில் கிளினிக். மூன்று பல்கலைக்கழகங்களுக்கு ஒரே கேள்வியை எழுதினாள்: தமிழ் பேசும் குடும்பங்களோடு பயிற்சி கிடைக்குமா? ஒன்றிலிருந்து பதில் வந்தது. உறுதி தர முடியாது, ஆனால் நீங்கள் பேசும் மொழிகளைப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள், இடம் ஒதுக்கும்போது பார்ப்போம் என்று. அன்று இரவே படிவத்தைத் திறந்து என் முன்னால் நிரப்பினாள். தமிழ், சிங்களம், ஆங்கிலம்.