நான்கு வருட டச் ஸ்கிரீனும் குன்னூர் பனிமூட்டமும்

வாரத்தில் இரண்டு தடவையாவது குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன். 14 கொண்டை ஊசி வளைவு. நான்கு வருடத்தில் கார் 58,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இன்ஜினிலும் பிரேக்கிலும் ஒரு குறையும் இல்லை. என் மனக்குறையெல்லாம் டேஷ்போர்டு நடுவில் இருக்கும் அந்தப் பெரிய திரைதான்.

போன ஐப்பசி மழையில் பர்லியாருக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். வெளியே குளிர், உள்ளே நான்கு பேரின் மூச்சு. முன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. பழைய காரில் குமிழைத் திருகினால் போதும், கை தானே போகும். இதில் ஏ.சி. பக்கத்தைத் திறந்து, காற்று திசைக்குப் போய், கண்ணாடிப் படத்தைத் தொட வேண்டும். வண்டி குலுங்கியதில் விரல் பக்கத்துப் படத்தில் பட்டது. "அப்பா, ரோட்டப் பாருங்க!" என்று மகள் கத்தினாள். நிமிர்ந்தால் எதிரே லாரியின் ஹெட்லைட்.

அன்றைக்கு அந்தப் பயம் போகவே இல்லை. கவனச் சிதறலை எப்படி அளக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சாலையை விட்டுக் கண்ணை எடுக்கும் ஒவ்வொரு பார்வையும் 2 வினாடிக்குள் இருக்க வேண்டும், ஒரு வேலைக்கு மொத்தம் 12 வினாடி. ஓட்டுபவரின் கண்ணை ஒன்றரை வினாடி திறந்துவிட்டு, ஒன்றரை வினாடி மறைத்து அளக்கும் முறையும் அதில் உண்டு.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, மகளிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து என் கண்ணை மறைக்கச் சொன்னேன். ஆவி நீக்க ஐந்து பார்வை, அதாவது ஏழரை வினாடி. கணக்குப்படி பாஸ்! மேப்பில் ஊர்ப் பெயர் தட்டுவது 12-ஐத் தாண்டியது. ரேடியோ சத்தத்துக்கு ஸ்டியரிங்கிலேயே பட்டன் இருப்பதால் பார்க்கவே வேண்டாம்.

ஆனால் அந்த 12 வினாடி நேரான சாலைக்குத்தான் சரி. மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒன்றரை வினாடிக்குள் வண்டி பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போய்விடும். நம் மலைப்பாதையில் அதற்குள் ஒரு வளைவே வந்துவிடுகிறது. அதனால் இப்போது மழைநாளில் கிளம்பும் முன்பே ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுகிறேன். ஏ.சி. ஈரத்தை உறிஞ்சுவதால் ஆவி அவ்வளவாகப் படிவதில்லை. மேப்பும் வீட்டிலேயே. வழியில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர்தான் தொடுவார்.

போன சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள். கண்ணாடிப் படம் இடம் மாறிவிட்டது. நான்கு வருடம் விரல் பழகியதெல்லாம் வீண். திரும்ப அளந்தேன், ஏழு பார்வை.

இண்டிகேட்டர், ஹசார்டு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பட்டனோ லீவரோ இருக்கிறதா என்று, கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் பார்க்கிறது. ஆவி நீக்கும் பட்டன் அந்தப் பட்டியலில் இல்லை. குன்னூர்க்காரனான எனக்கு அதுதான் முதலில் வேண்டும்.