பாஷ், இசட்-ஷெல், ஃபிஷ்: ஒரு இடைவெளி படுத்தும் பாடு

பாஷ், இசட்-ஷெல், ஃபிஷ் மூன்றும் ஷெல்கள்: நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்கள். "மார்ச் பில்" என்று ஒரு கோப்பு. நடுவில் இடைவெளி. இந்தப் பெயரை ஒரு மாறியில் போட்டு, மேற்கோள் குறி வைக்க மறந்து, கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளையிடம் கொடுங்கள். பாஷ் அதை "மார்ச்", "பில்" என இரண்டாக உடைத்து நீட்டும். அந்தப் பெயர்களில் வேறு கோப்புகள் இருந்தால் அவை போச்சு; அழிக்க நினைத்தது அங்கேயே இருக்கும். 1989-இல் வந்த பாஷ், பழைய போர்ன் ஷெல்லின் ஸ்கிரிப்டுகளும் (கட்டளைகளை எழுதி வைத்த கோப்புகள்) ஓட வேண்டும் என்பதால் இந்தப் பழக்கத்தைச் சுமக்கிறது. அடுத்த வருடமே வந்த இசட்-ஷெல் இதைக் கைவிட்டது. 2005-இல் வந்த ஃபிஷ்ஷில் மாறி என்றாலே பட்டியல்தான். உடைக்கிற பேச்சே இல்லை.

அப்புறம் நட்சத்திரக் குறி. எந்தப் பெயருக்கும் பொருந்தும் குறி இது; ஷெல் இதைப் பொருந்தும் கோப்புப் பெயர்களாக விரிக்கும். பொருந்தும் கோப்பு எதுவும் இல்லையென்றால் பாஷ் அந்தக் குறியையே பெயர் என்று கட்டளையிடம் தள்ளிவிடும். காலி ஃபோல்டரில், கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்யும் ஃபார் லூப் ஒருமுறை ஓடி, இல்லாத கோப்பைத் தேடும். மற்ற இரண்டும் பிழை சொல்லி நிறுத்திவிடும். ஆனால் ஃபார் லூப்பில் ஃபிஷ் ஒருமுறைகூட ஓடாமல் பேசாமல் நகர்ந்துவிடும். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் இசட்-ஷெல்லின் கறார் சில நேரம் எரிச்சல்: கேள்விக்குறி உள்ள இணைய முகவரியை, இணையத்திலிருந்து எடுத்துத் தரும் கர்ல் கட்டளைக்கு அப்படியே ஒட்டினால், அதையும் கோப்புத் தேடல் என்று நினைத்து மறுத்துவிடும். ஃபிஷ்ஷும் அப்படித்தான் இருந்தது, 4.0-இல் திருந்தியது. இசட்-ஷெல்லுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: ஆர்எம்முக்குப் பின்னால் வெறும் நட்சத்திரம் போட்டால், "நிஜமாகவா?" என்று கேட்கும்.

வரிசைகளின் (அரே) உறுப்புகளை எண்ணுவதில் பாஷ் பூஜ்ஜியத்திலிருந்து, மற்றவை ஒன்றிலிருந்து. பழகிவிடும்.

பழகாதது பைப், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் குழாய். ஒரு கட்டளையின் வெளியீட்டை வரி வரியாகப் படிக்கும் வொய்ல் லூப்புக்குள் அனுப்பி வரிகளை எண்ணினால், லூப் முடிந்ததும் பாஷ்ஷில் எண்ணிக்கை பழையபடி பூஜ்ஜியம். லூப் தனி சப்ஷெல்லில், அதாவது ஷெல்லின் ஒரு நகலில் ஓடியதுதான் காரணம்; அங்கே மாறியது இங்கே வராது. இசட்-ஷெல்லிலும் ஃபிஷ்ஷிலும் எண்ணிக்கை கையில் நிற்கும்.

விரலால் தட்டுவதற்கு என் ஓட்டு ஃபிஷ்ஷுக்கு. ஆனால் சர்வருக்குப் போகும் ஸ்கிரிப்டை பாஷ்ஷில்தான் எழுதுகிறேன்; ஃபிஷ்ஷின் இலக்கணமே வேறு, சர்வரில் ஃபிஷ் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஸ்கிரிப்டின் தலையிலேயே ஃபெயில்கிளாப் (பொருந்தும் கோப்பு இல்லையென்றால் பிழை சொல்லும்), லாஸ்ட்பைப் (பைப்பின் கடைசிக் கட்டளையை சப்ஷெல் இல்லாமல் ஓட்டும்) என்ற பாஷ் அமைப்புகள் இரண்டையும் போட்டுவிட்டால் மேலே சொன்னதில் பாதித் தொல்லை தீரும். ஃபெயில்கிளாப்பையாவது பாஷ் தானாகவே போட்டு வைக்கலாம். மேக்கில் மட்டும் கவனம்: அதில் கூடவே வரும் பாஷ் 3.2, லாஸ்ட்பைப் வந்ததோ 4.2-இல்.