எட்டு வருடமாக ஓடும் ராஸ்பெர்ரி பை 3: போனதும் நின்றதும்

ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கை அளவு போர்டில் அடங்கிய ஒரு குட்டி கம்ப்யூட்டர். வீட்டில் இதைப் 'பை' என்று சொன்னால் குழப்பம்தான். "பையைத் தொடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போன அன்று, அம்மா கவனமாகத் தோள்பையை மட்டும் விட்டுவிட்டு, ரவுட்டருக்குப் பின்னால் இருந்த சின்ன டப்பாவின் வயரைப் பிடுங்கி, தூசி தட்டி, மறுபடி சொருகி வைத்திருந்தார். மெமரி கார்டு போய்விட்டது. எட்டு வருடத்தில் மொத்தம் மூன்று கார்டு, இரண்டு சார்ஜர் மாற்றியாயிற்று. போர்டு மட்டும் இன்னும் அதேதான்.

என்னிடம் இருப்பது 2016இல் வந்த ராஸ்பெர்ரி பை 3 மாடல் பி. 1.2 கிகாஹெர்ட்ஸ் வேகம், நான்கு கோர், 1 ஜிபி ராம். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். அதனால் திரையும் கீபோர்டும் மாட்டுவதை முதல் மாதமே விட்டுவிட்டேன். லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக, அதாவது நெட்வொர்க்கில் தொடர்புகொண்டு கட்டளை அடித்து, உள்ளே போவதோடு சரி.

புதிதில் எல்லாரையும் போல நானும் ஆசைப்பட்டேன். பழைய வீடியோ கேம், மீடியா சென்டர், நேரமும் வானிலையும் காட்டும் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்காகச் செய்த மரச்சட்டம் பரணில் கிடக்கிறது. இன்றுவரை தாக்குப்பிடித்தவை இரண்டே வேலைகள்: பை-ஹோல், அப்புறம் ஃப்ரிட்ஜ் காவல்.

பை-ஹோல் என்பது வீட்டுக்கான டிஎன்எஸ் சர்வர், அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது. போனோ டிவியோ ஒரு விளம்பர முகவரியைக் கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்கிற மாதிரி பதில் சொல்லிவிடும். வீடியோவும் விளம்பரமும் ஒரே முகவரியிலிருந்து வரும் இடங்களில் இது பலிக்காது. மற்றபடி நிம்மதி. ஆனால் இது படுத்தால் வீட்டில் எல்லாருக்கும் இன்டர்நெட் படுத்துவிடும். திட்டு எனக்கு வரும்.

அப்படி ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பத்து நாள் வெளியூர் போயிருந்தோம். திரும்பி வந்து போட்டால் ஒரு தளமும் திறக்கவில்லை. இந்த போர்டில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. அணையும்போது இருந்த நேரத்தைக் கார்டில் குறித்துக்கொண்டு, எழும்போது அங்கிருந்தே தொடரும். சரியான நேரத்தை நெட்டில் கேட்டுத் திருத்திக்கொள்ளும். நானோ பாதுகாப்புக்கு என்று டிஎன்எஸ்செக் சோதனையையும் போட்டிருந்தேன்; டிஎன்எஸ் பதில் போலியில்லை என்று டிஜிட்டல் கையெழுத்தை வைத்துச் சரிபார்ப்பது அது. அதன் கையெழுத்துகளுக்குத் தேதி உண்டு. பத்து நாள் பின்தங்கிய கடிகாரத்துக்கு அவை எல்லாமே நாளைய தேதியிட்ட காசோலை மாதிரி, செல்லாது. நேரம் சொல்லும் சர்வரின் பெயரையும் இதே டிஎன்எஸ்தானே தேட வேண்டும்? நேரம் சரியில்லாததால் பெயர் கிடைக்கவில்லை, பெயர் கிடைக்காததால் நேரம் சரியாகவில்லை. பாதி ராத்திரி போனது. கடைசியில் தேதியைக் கையால் அடித்தவுடன் எல்லாம் உயிர் பெற்றது. மறு வாரமே பொத்தான் பேட்டரி வைத்த டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்றை மாட்டிவிட்டேன்.

ஃப்ரிட்ஜ் காவலும் லேசுப்பட்டதில்லை. வெப்பநிலை அளக்கும் டிஎஸ்18பி20 சென்சார், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, மூன்று வயர், அவ்வளவுதான் பொருள். கதவு சரியாக மூடாமல் உள்ளே சூடு ஏறினால் போனுக்குச் செய்தி வரும். ஒரு விடிகாலையில் வந்த செய்தி: 85 டிகிரி. அடித்துப் பிடித்து ஓடினால் பால் சில்லென்று இருக்கிறது. அந்த சென்சாருக்குக் கரண்ட் விட்டு வந்தால், புதிதாக அளக்கும்வரை நினைவில் வைத்திருக்கும் எண்தான் 85. ஜம்பர் வயர் தளர்ந்து ஆடியிருக்கிறது. வயரைச் சால்டர் செய்தேன், சரியாக 85 வந்தால் ஒதுக்கிவிட்டு மறுபடி அளக்கும்படி புரோகிராமிலும் ஒரு வரி சேர்த்தேன்.

சார்ஜர் விஷயத்தில் தப்பு என்னுடையது. இதற்கு 2.5 ஆம்ப் சப்ளை வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் பழைய போன் சார்ஜரையும் நீளமான மெல்லிய கேபிளையும் சொருகியிருந்தேன். வோல்டேஜ் 4.63க்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் சின்னம் வரும். திரையே இல்லாதவன் எங்கே பார்ப்பது! பல மாதம் கழித்து, நடந்ததையெல்லாம் அது குறித்து வைக்கும் லாகைப் புரட்டியபோதுதான் வரிசையாக எச்சரிக்கைகள். அதற்குள் இரண்டாவது கார்டும் போயிருந்தது.

மூன்றாவதும் போனதும், கார்டுக்குப் பதிலாக யுஎஸ்பியில் மாட்டும் எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாறினேன். யுஎஸ்பியிலிருந்து பூட் ஆக, இந்த மாடலில் சிப்புக்குள்ளேயே ஓர் அமைப்பை எழுத வேண்டும். ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாது. கொஞ்சம் கை நடுங்கத்தான் செய்தது. அதன்பின் டிஸ்க் தொல்லை இல்லை.

பிறகு வந்த மாடலான பை 5க்கு மாறலாமே என்கிறார்கள். அதில் பவர் பட்டன் உண்டு, கடிகாரமும் உள்ளேயே உண்டு, பேட்டரி மட்டும் வாங்கி மாட்ட வேண்டும். ஆனால் முழுசாக ஓட்ட 5 ஆம்ப் சப்ளை, சூட்டுக்கு ஃபேன் என்று கூடவே வரும். என் இரண்டு வேலைக்கு அது அதிகம். இப்போதைக்கு மாற்ற வேண்டியது சென்சார் வயரைத்தான். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரில் நசுங்கி நசுங்கி, உள்ளே செம்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.