ராமநாதபுரத்தில் ‘மழைக்காட்டு ஜங்கிள் க்ரூஸ்’ என்று விற்கிறார்கள், பணம் கட்டிவிடாதீர்கள்

ஸ்கூல் லீவு விட்டதும் வாட்ஸ்அப் குரூப்களில் அந்த போஸ்டர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. “மழைக்காடு, ஆற்றோர கிராமங்கள், தீவில் மாலை டீ. தலைக்கு 1,800 மட்டுமே.” படத்தில் பஞ்சவர்ணக்கிளி வேறு.

இந்தக் கடற்கரையில் மழைக்காடே கிடையாது. வருஷம் முழுக்கப் பெய்வதைக் கூட்டினாலும் 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். மழைக்காடு வேண்டுமென்றால் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போக வேண்டும். இங்கே இருப்பது அலையாத்திக் காடு. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே காரங்காட்டில், கோட்டக்கரையாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. அருமையான காடு. வனத்துறை அங்கே ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு முறையாகப் படகு விடுகிறது.

போஸ்டரை நம்பிப் பணம் கட்டிப் போன எங்களை ஏஜென்ட் அங்கே கூட்டிப்போகவில்லை. “அங்க ஒரே கூட்டம் சார், நம்மளது பிரைவேட் ஸ்பாட்” என்று, எங்கோ தள்ளி ஓர் ஓடைக்கரையில் இறக்கிவிட்டார்கள். மீன்பிடிக்கிற பைபர் படகு. ஒன்பது பேருக்கு நாலு லைஃப் ஜாக்கெட், அதில் இரண்டுக்குக் கொக்கி இல்லை. பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டுப் பெரியவர்கள் சும்மா உட்கார்ந்தோம்.

கைடு என்று வந்த பையனுக்கு “அமேசான் மாதிரியே இருக்குல்ல?” என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. படகோட்டி அண்ணன்தான் ஒரு இலையைப் பறித்து நக்கிப் பார்க்கச் சொன்னார். ஒரே உப்பு. வேர் வழியாக ஏறும் உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. சேற்றில் ஆணி அடித்து வைத்தாற்போல் நிற்பதெல்லாம் மூச்சுவேர். அந்தச் சேற்றுக்குள் காற்றுக்கு வழியில்லாததால் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. கொடுத்த காசுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அப்புறம் தண்ணீர் வற்றி, படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. பாக் விரிகுடாக் கரை ஆழமில்லாதது, நேரம் பார்க்காமல் படகை எடுத்தால் இப்படித்தான். “வெள்ளன வரணும்னு நேத்தே சொன்னேங்க, அவுக மத்தியானத்துக்குல்ல ஆளக் கொண்டாந்தாக” என்றார் படகோட்டி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மொத்தப் படகுக்கும் அவர் கைக்குப் போனது 1,500. பிள்ளைகளுக்கும் முழுக் காசு போட்டு எங்களிடம் கறந்தது 16,200.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். எனக்கு ஆறாதது அந்த ‘ஆற்றோர கிராமம்’தான். ஊரில் ஒருத்தரிடமும் சொல்லி வைக்கவில்லை. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தி, “போட்டோ எடுத்துக்கங்க சார்” என்றான் பையன். ஒரு அம்மா எழுந்து வந்து அவனைக் கேட்டார்: “எங்கள வேடிக்கை காட்டவாடா காசு வாங்குன?” அவன் சிரிக்கிறான். திருப்பூரிலிருந்து வந்திருந்த மச்சானுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நானோ இதே மாவட்டத்துக்காரன். என் தங்கச்சிதான் போய்ப் பேசி மன்னிப்புக் கேட்டாள். கடைசியில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பியதும் அதே அம்மாதான்.

தீவு? மன்னார் வளைகுடாவில் உள்ள தீவுகள் எல்லாமே 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை ஏற்பாட்டில் போவதைத் தவிர, அனுமதியில்லாமல் இறங்கினால் வழக்குதான். அந்தத் தீவுகள் தென்கடல் பக்கம், நாங்கள் நின்றதோ வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம். கேட்டதும் வேனில் ஏற்றி அரியமான் பீச்சில் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அரியமான் என்றைக்கு ஐயா தீவானது?

ஆகவே, கவுன்டர், போர்டு, ரசீது எதுவும் இல்லாத கரையில் படகு ஏறாதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜிபே செய்யச் சொன்னால் அப்போதே விலகிவிடுங்கள். வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் பக்கம் இந்த மாதிரிப் படகை நினைக்கவே வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் போஸ்டரையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுங்கள். நானும் கொடுத்திருக்கிறேன்.

புகார் போன பிறகு ஏஜென்ட் தானாகவே கூப்பிட்டார். “பாதிப் பணம் போட்டு விடுறேன் சார், கூகுள்ல போட்ட ரிவ்யூவ மட்டும் எடுத்துருங்க.” எடுக்கவில்லை.